சின்னப் பாய்ப்படகும் டெல்டா கடலும்: அடிக்கடி நடக்கும் தவறுகள்

டோக்கியோ ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டியில் நேத்ரா குமணன் கலந்துகொண்டார். 2023இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் விஷ்ணு சரவணன் அதே விளையாட்டில் வெண்கலம் வாங்கினார். அதற்கப்புறம் பட்டுக்கோட்டை, நாகை பக்கமெல்லாம்கூட "பாய்ப்படகு ஓட்ட எங்கே கற்றுக்கொள்ளலாம்?" என்று கேட்கிறார்கள். பதில் பெரும்பாலும் சென்னைதான். துறைமுகத்துக்குள் கிளப் இருக்கிறது, பயிற்சியாளர் இருக்கிறார், படகும் வாடகைக்குக் கிடைக்கிறது. ஒரு கோடை விடுமுறையில் ஆப்டிமிஸ்ட், லேசர் என்ற சின்னப் பாய்ப்படகுகளில் ஒன்றை ஓட்டக் கற்றுக்கொண்டு பிள்ளைகள் ஊருக்கு வருகிறார்கள். நம் ஊரில்தான் கடல் இருக்கிறதே, பழைய படகு ஒன்று வாங்கினால் என்ன என்று அப்பாமார்களும் நினைக்கிறார்கள்.

தவறுகள் தொடங்குவது இந்த இடத்தில்தான். கிளப்பில் காற்றைப் பார்த்து "இன்று வேண்டாம்" என்று சொல்ல ஒருவர் இருந்தார். எல்லையைக் காட்ட மிதவை இருந்தது. கவிழ்ந்தால் இரண்டு நிமிடத்தில் மோட்டார் படகு வந்தது. ஊரில் இந்த வேலைகளைப் பார்க்க ஆள் இல்லை. ஓட்டுகிறவரே பார்க்க வேண்டும், அல்லது கரையில் நிற்கும் ஒருவருக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

காற்று ஒன்று, கரை மூன்று

டெல்டா கடற்கரையை வரைபடத்தில் ஒருமுறை நன்றாகப் பாருங்கள். நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் வரை கரை கிழக்கே பார்த்து நிற்கிறது. கோடியக்கரையில் சட்டென்று திரும்பி மேற்கே போகிறது. அங்கிருந்து முத்துப்பேட்டை வரை கடல் தெற்கே இருக்கிறது. அதிராம்பட்டினம் தாண்டி மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் போகப் போகக் கரை தென்மேற்காகச் சாய்ந்து, கடல் தென்கிழக்கில் வந்துவிடுகிறது.

வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும்போது நாகையில் அது கடலிலிருந்து கரைக்கு அடிக்கிறது. கைவிட்டால் படகு கரையில் வந்து ஒதுங்கும். ஆனால் அங்கே அலை உடைகிற இடத்தில் சின்னப் படகை இறக்குவதே பெரும்பாடு. அதே வாடை முத்துப்பேட்டைப் பக்கம் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். இறக்குவது சுலபம், திரும்புவதுதான் கஷ்டம். கச்சான் என்கிற மேற்குக்காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் நாகையிலும் மல்லிப்பட்டினத்திலும் காற்று தரையிலிருந்து கடலைப் பார்த்துப் போகும். நாகை நண்பர் "இன்று நல்ல காற்று" என்று போனில் சொன்னதை நம்பி முத்துப்பேட்டையில் படகை இறக்குவது, திருவையாற்று மழையைப் பார்த்துத் திருத்துறைப்பூண்டியில் குடை எடுக்கிற கணக்கு.

கரையிலிருந்து அடிக்கிற காற்றுக்கு ஒரு ஏமாற்று குணம் உண்டு. கரையோரம் தென்னந்தோப்பு மறைப்பதால் தண்ணீர் கோரைப்பாய் விரித்த மாதிரி கிடக்கும். அரை கிலோமீட்டர் போனதும்தான் காற்றின் முழு பலம் தெரியும், அலையும் எழும்பும். காற்றோடு பத்து நிமிடத்தில் ஓடிய தூரத்தை, எதிர்க்காற்றில் இடமும் வலமுமாக வெட்டி வெட்டித் திரும்ப முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் கை ஓய்ந்துவிடும். மல்லிப்பட்டினத்தில் இன்ஜின் வருவதற்கு முன்னால் பாயில் தொழிலுக்குப் போன பெரியவர் ஒருவர், படகை இறக்க நின்ற கல்லூரிப் பையனிடம் கேட்டார்: "போறதுக்குக் காத்து இருக்கு தம்பி, சரி. வர்றதுக்கு?" பையனிடம் பதில் இல்லை. அன்று அவன் கரையை ஒட்டியே முதலில் எதிர்க்காற்றில் ஏறிப் போனான், களைத்ததும் காற்றோடு திரும்பினான். புதியவர்களுக்கு எந்த நாளுக்கும் சரியான வரிசை இதுதான்.

இந்தப் பெரியவர்களிடம் கேட்காமல் போவதையே நான் தனித் தவறாகச் சொல்வேன். கைபேசிச் செயலியில் காற்றின் வேகம் 'நாட்' (மணிக்கு எத்தனை கடல்மைல்) கணக்கில் வரும், நல்லதுதான், பாருங்கள். ஆனால் எந்த மேகம் வந்தால் காற்று திரும்பும், நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைக் கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவர் நிமிர்ந்து பார்த்தே சொல்லிவிடுவார்.

நீவாட்டைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. சரபேந்திரராஜன்பட்டினம் கடலில் இருந்தால் மனோரா கண்ணில் படும். இரண்டாம் சரபோஜி 1814-15இல் கட்டிய எட்டு நிலைக் கோபுரம். அதையும் அதற்கு முன்னால் தெரியும் ஒரு தென்னையையும் ஒரே நேர்கோட்டில் வைத்துக்கொண்டு, தென்னையை நோக்கிப் படகைச் செலுத்துங்கள். கோபுரம் தென்னைக்கு இடப்புறமோ வலப்புறமோ நகர்ந்தால், படகின் மூக்கு நேராக இருந்தாலும் தண்ணீர் உங்களைப் பக்கவாட்டில் கொண்டுபோகிறது என்று அர்த்தம். பந்தயத்திலும் மிதவையை நோக்கி ஓட்டும்போது பின்னால் இருக்கும் கரையை வைத்து இதைத்தான் செய்வார்கள்.

ஆழமில்லை என்ற தைரியம்

பாக் நீரிணையில் கரையோரம் ஆழம் குறைவு, விழுந்தால் நின்றுகொள்ளலாம் என்பார்கள். மனிதருக்குச் சரி, படகுக்கு அது ஆபத்து. டேகர்போர்டை (படகின் நடுவில் தண்ணீருக்குள் இறக்கும் பலகை) முழுதும் இறக்கிவைத்து வேகமாக ஓடும்போது மணல் திட்டில் இடித்தால், பலகை செருகியிருக்கும் கூடு விரிசல் விடும். கரைக்கு வரும்போது பலகையைப் பாதி தூக்குவதோடு சுக்கானையும் தூக்கத் தயாராக இருக்க வேண்டும். கடற்புல் இன்னொரு தொல்லை. படகு காரணமில்லாமல் மந்தமானால் பாயைக் குறை சொல்வதற்கு முன் சுக்கானில் புல் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். மல்லிப்பட்டினத்தை ஒட்டிய இந்தக் கடற்புல் படுகைகளை உள்ளடக்கித்தான் 2022இல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். அந்தப் புல்லில் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். புல்லுக்குள் திருக்கையும் படுத்திருக்கும், காலில் செருப்பு இல்லாமல் இறங்காதீர்கள்.

ஆழமில்லாத இடத்தில் கவிழ்ந்தால் என்ன நடக்கும்? படகு முழுதாகத் தலைகீழாகி, பாய்மரத்தின் நுனி சேற்றில் குத்திக்கொள்ளும். பயந்துபோய் இருவர் டேகர்போர்டில் ஏறித் தொங்குவார்கள். மரம் வளையும், சில நேரம் ஒடிந்தும் போகும். முதலில் பாய்க்கயிற்றைக் கொக்கியிலிருந்து விடுவியுங்கள். அப்புறம் படகின் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பிப் பிடியுங்கள். மரம் எந்தச் சாய்வில் புதைந்திருக்கிறதோ அந்த நீளவாக்கிலேயே படகை இழுக்க வேண்டும். நாற்றுப் பறிப்பது போல நேராக உருவ வேண்டும், பக்கவாட்டில் நெம்பக் கூடாது. நுனி விடுபட்டதும் ஒருவர் மட்டும் பலகையில் நின்று மெதுவாக நிமிர்த்தலாம். நிமிரவில்லை என்றால் படகைப் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். கரை பக்கத்தில் தெரிகிறது என்று நீந்தப் போவதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. கவிழ்ந்த படகு தூரத்திலிருந்து தெரியும், மனிதத் தலை தெரியாது. லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். படகில் வைத்திருப்பது போட்டுக்கொள்வது ஆகாது.

கடல் பயம் என்று ஆற்றுக்குப் போகிறவர்களும் உண்டு. மேட்டூர் திறந்து தண்ணீர் நிறைந்து வரும்போது கொள்ளிடம் அகலமாக, அமைதியாகத் தெரியும். அணை, கதவணை, மதகு எதற்கும் மேல்பக்கம் பாய்ப்படகு ஓட்டவே கூடாது. காற்று நின்ற நிமிடத்தில் படகு தண்ணீரின் வசமாகிவிடும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்து ஷட்டர்களையே அடித்துக்கொண்டு போன தண்ணீர் அது. இன்னொன்று மின்கம்பி. லேசரின் பாய்மரம் ஏறக்குறைய ஆறு மீட்டர் உயரம். கரையில் மரத்தை நட்டுவிட்டு, டிராலியில் வைத்துத் தெருவழியே தள்ளிக்கொண்டு வரும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. நம் ஊர்த் தெருக்களில் கம்பி எவ்வளவு தொய்ந்து தொங்குகிறது என்று தெரியாதவர் யார்? அலுமினிய மரம் தொட்டால் தீர்ந்தது. தண்ணீர் ஓரத்தில், அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் மரம் நட வேண்டும். கடைசியாகப் படகின் பின்புறம் தண்ணீர் வடியும் துளைக்கான அடைப்பான் திருகியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கடல் காலியாக இருக்கும், நமக்கு நல்லது என்று தோன்றும். நாட்டுப்படகுகள் போய்க்கொண்டுதான் இருக்கும், அவர்கள் வலையும் தண்ணீரில்தான் கிடக்கும். வரிசையாக மிதவை தெரிந்தால் சுற்றிப் போங்கள். டேகர்போர்டு மாட்டி வலை கிழிந்தால் அது ஒரு குடும்பத்தின் அன்றைய சம்பளம். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் முன்பே சொல்லிவிட்டு இறங்குவது பிறகு வரும் பல கேள்விகளைத் தவிர்க்கும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும்.

பந்தயத்துக்குப் போனபின்

இங்கே தனியாக ஓட்டிப் பழகியவர்கள் கிளப் போட்டிக்குப் போகும்போது வேறு வகைத் தவறுகள் செய்கிறார்கள். படகை நன்றாகவே ஓட்டுவார்கள். சுற்றிலும் இருபது படகு இருந்தால் கை நடுங்கும்.

முதலில் புறப்பாடு. ஐந்து நிமிடம் இருக்கும்போது வகுப்புக் கொடி (அந்தப் படகு வகைக்கான கொடி) ஏறும், நான்கில் தயாராகச் சொல்லும் ஆயத்தக் கொடி, ஒரு நிமிடத்தில் அது இறங்கும், பூஜ்ஜியத்தில் வகுப்புக் கொடியும் இறங்கும். ஹாரன் சத்தத்தை வைத்துக் கடிகாரத்தை அழுத்துகிறவர்கள் ஏமாறுவார்கள். விதிப்படி கொடிதான் கணக்கு, ஹாரன் ஊதாமலே போனாலும் செல்லும். அடுத்து, புறப்பாட்டுக் கோட்டுக்கு ஐம்பது மீட்டர் பின்னால் பத்திரமாக நின்றுவிடுவது. கொடி இறங்கும்போது படகு கோட்டை ஒட்டி, வேகத்தோடு இருக்க வேண்டும். பின்தங்கினால் முன்னால் போகிறவர்களின் பாய் கலக்கிவிட்ட காற்றுதான் கிடைக்கும், அதில் படகு நகராது. இடிபட பயமாக இருந்தால் கோட்டில் கூட்டம் குறைவான முனையில் சரியான நேரத்துக்குப் புறப்படுங்கள். நல்ல முனையில் தாமதமாகப் புறப்படுவதைவிட அது மேல்.

பாயை இறுக்கிக் கட்டியே ஓட்டுவதும் பயத்தில் வருவதுதான். பாயில் ஒட்டியிருக்கும் கம்பளி நூல்களைப் பாருங்கள். இரண்டு பக்க நூலும் பின்னோக்கி நேராகப் பறந்தால் சரி. வெளிப்பக்கத்து (காற்று வரும் பக்கத்துக்கு மறுபக்கத்து) நூல் துவண்டு ஆடினால் பாய் அதிகமாக இறுகியிருக்கிறது. கயிற்றை விடுங்கள், பாயின் முன்னோரம் படபடக்கத் தொடங்கும். அந்தப் படபடப்பு அடங்கும் வரை மட்டும் திரும்ப இழுங்கள். காற்று ஒரே மாதிரி நிற்காது என்பதால் இதை விடாமல் செய்ய வேண்டும். கண்ணை டில்லரிலும் (சுக்கானின் கைப்பிடி) காலிலும் வைத்திருப்பவருக்கு இது முடியாது.

விதிகளில் மூன்று தெரிந்தால் பெரும்பாலான சண்டைகள் வராது. வலப்பக்கத்திலிருந்து (ஸ்டார்போர்ட்) காற்று வாங்கும் படகுக்கு, இடப்பக்கத்திலிருந்து வாங்கும் படகு வழிவிட வேண்டும். இரண்டும் ஒரே பக்கத்தில் காற்று வாங்கி இணையாகப் போனால், காற்று வரும் பக்கத்தில் இருப்பவர் ஒதுங்க வேண்டும். பின்னால் வருகிறவர் முன்னால் போகிறவருக்கு ஒதுங்க வேண்டும். மிதவைக்கு மூன்று படகு நீளத்துக்குள் வந்தபின் கணக்கு மாறும். உள்பக்கம் இணையாக வந்தவருக்கு மிதவையைச் சுற்ற இடம் விட வேண்டும். "ஸ்டார்போர்ட்!" என்று கத்திவிட்டால் இடிக்க உரிமை வந்துவிட்டதாக நினைக்கிறவர்கள் நிறைய. முடிந்தவரை மோதலைத் தவிர்ப்பது எல்லோருடைய கடமை, உரிமை உள்ளவருக்கும் சேர்த்துத்தான்.

தப்பு நம்முடையது என்று தெரிந்தால் உடனே ஒதுங்கிப் போய் ஒரே திசையில் இரண்டு வட்டம் போட்டால் தண்டனை முடிந்தது. மிதவையைத் தொட்டால் ஒரு வட்டம். இதற்குக் கௌரவம் பார்த்து, கரையில் விசாரணையில் தோற்றுத் தகுதியிழப்பவர்களைப் பார்க்கும்போது எரிச்சலாக வரும். முப்பது நொடியில் தீர்கிற விஷயம். காற்று விழுந்துவிட்டால் படகை ஆட்டி ஆட்டி நகர்த்துவது, சுக்கானைத் துடுப்பு மாதிரி அடிப்பது இரண்டும் கூடாது. ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள், போட்டியில் நடுவர் படகு விசில் ஊதும்.

கடைசியில் வருகிறோமே என்று பாதியில் விலகாதீர்கள். முதலிடத்துக்கு 1 புள்ளி, இருபதாவது இடத்துக்கு 20. குறைவாக வாங்கியவர் வெல்வார். முடிக்காதவருக்கு மொத்தப் படகுகளைவிட ஒன்று அதிகம். ஒரு புள்ளிதானே என்று தோன்றும், ஆனால் அந்த ஓட்டத்தில் வேறு யாராவது விலகியிருந்தால் நீங்கள் முடித்ததற்கு ஓரிரு இடம் கூடக் கிடைக்கும். உண்மையிலேயே விலகுவதாக இருந்தால் போட்டியை நடத்தும் கமிட்டி படகிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கரைக்கு வந்ததும் பதிவேட்டில் கையெழுத்துக் கேட்கும் போட்டிகள் உண்டு. அதைப் போடாமல் டீ குடிக்கப் போய்விட்டால், மீட்புப் படகு இருட்டும் வரை உங்களைத் தேடிக்கொண்டிருக்கும், டீசல் செலவோடு.