பழைய மெர்சிடிஸ் டபிள்யூ 124 காருக்கு வேறு வீல் பொருந்துமா என்று சரிபார்க்கும் முறை

1980களின் நடுவில் தொடங்கி 1990களின் நடுப்பகுதி வரை உற்பத்தியில் இருந்த டபிள்யூ 124, மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் இந்தியாவில், புனேயில், முதன்முதலாகத் தயாரித்த கார் என்பதால், இன்றும் நம் சாலைகளில் ஆங்காங்கே நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அசல் 15 அங்குல வீல்கள் வளைந்துபோனாலோ, தோற்றத்துக்காக 16 அல்லது 17 அங்குல அலாய் வீல் போட நினைத்தாலோ, பழைய வீல் விற்கும் கடைக்குத்தான் பெரும்பாலும் போக வேண்டியிருக்கிறது. அங்கே ஐந்து போல்ட்டும் ஏறிவிட்டதைக் காட்டி, பொருத்தம் சரியாக இருக்கிறது என்று சொல்வார்கள். போல்ட் ஏறுவது பொருத்தத்துக்குச் சான்றே அல்ல. தவறான வீலிலும் போல்ட் ஏறும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

முதலில் காரின் அசல் அளவுகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண டபிள்யூ 124 மாடல்களுக்குப் பிசிடி (போல்ட் துளை வட்டத்தின் விட்டம்) ஐந்து துளைகளுடன் 5 × 112 மி.மீ., ஹப்பின் (வீல் மாட்டப்படும், அதோடு சேர்ந்து சுழலும் மையப் பாகத்தின்) நடு விட்டம் 66.6 மி.மீ., போல்ட் மரை எம்12 × 1.5, வீல் 6.5 ஜே × 15 (அங்குலத்தில் அகலமும் விட்டமும்), ஆஃப்செட் (வீல் அகலத்தின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம்) 48 அல்லது 49 மி.மீ., டயர் 195/65 ஆர்15. வாங்கப்போகும் வீலின் பின்பக்கத்தைத் துடைத்துப் பார்த்தால் அகலம், விட்டம், 'ஈடி' என்ற எழுத்துகளுடன் ஆஃப்செட், பாக எண் ஆகியவை வார்ப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். இவற்றில் எதுவுமே இல்லாத வீலை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்காமல் விடுவதே நல்லது.

பிசிடி என்பது போல்ட் துளைகளின் மையங்கள் வழியே செல்லும் வட்டத்தின் விட்டம். ஐந்து துளை வீலில் எதிரெதிர்த் துளைகள் இல்லாததால் இதை நேராக அளக்க முடியாது. அடுத்தடுத்த இரண்டு துளைகளில், ஒன்றின் இடது விளிம்பிலிருந்து மற்றதன் இடது விளிம்பு வரை வெர்னியர் காலிப்பரால் அளந்து, அந்த எண்ணை 1.701 ஆல் பெருக்குங்கள். 112 மி.மீ. பிசிடிக்கு இந்த இடைவெளி 65.8 மி.மீ.; டொயோட்டா, ஹோண்டா போன்ற ஜப்பானியக் கார்களில் பரவலாக உள்ள 114.3 மி.மீ. பிசிடிக்கு 67.2 மி.மீ. வித்தியாசம் ஒன்றரை மி.மீ. கூட இல்லை என்பதால் சாதாரண ஸ்கேலை நம்ப முடியாது. 114.3 வீலை இந்த ஹப்பில் வைத்தால் ஒவ்வொரு போல்ட்டும் 1.15 மி.மீ. விலகி, சற்றே சாய்ந்த நிலையில் இறுகும். இறுகியதுபோலத் தெரிந்தாலும் ஓட்டத்தில் தளரும், அல்லது நாளடைவில் முறியும். பழைய ஜாகுவார் எக்ஸ்ஜே கார்களின் 120.65 மி.மீ. பிசிடிக்கும் பிஎம்டபிள்யூவின் 120 மி.மீ. பிசிடிக்கும் இடையில் நடக்கும் குழப்பமும் இதே வகையைச் சேர்ந்தது.

அடுத்தது நடுத்துளை. வீலை மையத்தில் நிறுத்துவது ஹப்பின் விளிம்புதான். போல்ட்டுகள் வீலை ஹப்போடு சேர்த்து அழுத்திப் பிடிக்கின்றன. ஆடியின் பழைய வீல்களும் 5 × 112 தான், ஆனால் அவற்றின் நடுத்துளை 57.1 மி.மீ. என்பதால் இந்த ஹப்பில் உட்காரவே உட்காராது. வெளிச்சந்தை வீல்களின் (கார் நிறுவனம் அல்லாதவர்கள் செய்து விற்பவற்றின்) நடுத்துளை பெரும்பாலும் பெரியதாகவே இருக்கும். அப்போது அந்த அளவிலிருந்து 66.6 மி.மீ.க்குக் குறைக்கும் ஹப் ரிங் போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வேகத்தில் ஸ்டீயரிங் அதிரும்.

இனி வருவது பலரும் பார்க்காமல் விடும் இடம், ஆகவே சற்று நின்று பாருங்கள். மெர்சிடிஸ் அசல் வீல்களில் போல்ட் தலை உட்காரும் பள்ளம் கோள வடிவத்தில் இருக்கும். வெளிச்சந்தை வீல்கள் பலவற்றில் அது கூம்பு வடிவத்தில் இருக்கும். கோளத் தலை போல்ட்டைக் கூம்புப் பள்ளத்தில் இறுக்கினால் மெல்லிய ஒரு கோட்டில் மட்டுமே தொடும். மெர்சிடிஸிலேயே வீல் வாங்கினாலும் இந்தச் சிக்கல் தீராது: டபிள்யூ 124க்கு 12 மி.மீ. ஆரமுள்ள கோளத் தலை வேண்டும், ஆனால் டபிள்யூ 204 போன்ற பிற்காலக் கார்களின் வீல்கள் எம்14 போல்ட்டுக்கும் 14 மி.மீ. ஆரத்துக்கும் செய்யப்பட்டவை. அந்த வீல்தான் வேண்டும் என்றால், எம்12 மரையும் 14 மி.மீ. ஆரத் தலையும் கொண்ட போல்ட்டுகளைத் தேடி வாங்க வேண்டும். சரியாக உட்காருகிறதா என்று அறிய, போல்ட் தலையின் அடிப்பாகத்தில் மார்க்கர் மையைப் பூசி, கையால் முடுக்கி, லேசாக இறுக்கிக் கழற்றிப் பாருங்கள். மை அகலமான முழு வளையமாகத் தேய்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் பிசிடி தவறு. நூல் போன்ற கோடு தெரிந்தால் பள்ளத்தின் வடிவம் தவறு.

ஆஃப்செட்டை ஊகிக்கத் தேவையில்லை, கணக்கே போதும். புதிய வீலின் அகலம் கூடும் அளவில் பாதியையும், ஆஃப்செட் குறையும் அளவையும் கூட்டினால் வீல் எவ்வளவு வெளியே தள்ளும் என்பது கிடைக்கும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் உள்ளே எவ்வளவு நகரும் என்பது கிடைக்கும். இதே டபிள்யூ 124 வரிசையின் 500இ மாடலின் 8 ஜே × 16, ஆஃப்செட் 34 வீலை எடுத்துக்கொள்வோம். அகலம் ஒன்றரை அங்குலம் கூடுவதால் பாதி 19 மி.மீ.; ஆஃப்செட் 48இலிருந்து 14 மி.மீ. குறைகிறது. ஆக வெளியே 33 மி.மீ., உள்ளே 5 மி.மீ. அந்த மாடலுக்கு மட்கார்டுகள் அகலப்படுத்தப்பட்டிருந்தன என்பதை மறந்து சாதாரண காரில் இதைப் போட்டால், பள்ளத்தில் இறங்கும்போது டயர் மட்கார்டில் உரசும். இதற்குப் பின் வந்த மெர்சிடிஸ் டபிள்யூ 210 காரின் 7.5 ஜே × 16, ஆஃப்செட் 41 வீல் வெளியே 20 மி.மீ. அளவோடு நின்றுவிடுவதால், சாதாரண காருக்கு அதுவே நிதானமான தேர்வு என்பது என் கருத்து.

டயரின் மொத்த விட்டம் அசலான 634 மி.மீ.க்கு அருகில் இருக்க வேண்டும். 205/55 ஆர்16, 225/45 ஆர்17 இரண்டும் அதற்குள் அடங்கும்.

பொருத்திப் பார்க்கும்போது பிரேக் காலிப்பரின் மேல் சிறிது களிமண்ணை ஒட்டி வீலைக் கையால் முழுச் சுற்று சுற்றுங்கள். களிமண் நசுங்கி நிற்கும் தடிமனே இடைவெளி, அது 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது. போல்ட் குறைந்தது ஆறரைச் சுற்றாவது மரையில் ஏற வேண்டும். ஹப்பின் முகத்தில் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் நீக்கிவிட்டு, போல்ட்டுகளுக்கு எண்ணெய் தடவாமல், குறுக்கு வரிசையில் 110 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி சரிபாருங்கள்.

அலாய் வீலுக்குரிய நீளப் போல்ட்டுகளை இரும்பு வீலில் போடக் கூடாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். இரும்பின் தகடு மெலிதாக இருப்பதால் போல்ட்டின் முனை ஹப்பைத் தாண்டி நீளும். பின்சக்கரத்தில் அது டிஸ்க்கின் நடுப்பகுதிக்குள் இருக்கும் பார்க்கிங் பிரேக்கின் பாகங்களில் இடித்து அவற்றைச் சேதப்படுத்தும். ஸ்டெப்னி இரும்பு வீலாக இருந்தால், அதற்குரிய ஐந்து குட்டைப் போல்ட்டுகளை ஒரு பையில் போட்டு டிக்கியில் ஸ்டெப்னியோடு சேர்த்தே வையுங்கள்.