ஒரே இமேஜை சொந்த சர்வர், கிளவுட் ரன், லாம்டா மூன்றிலும் ஓட்டுவது எப்படி

படத்தின் முகவரியைக் கொடுத்தால் அதைச் சிறிதாக்கித் தரும் ஒரு சின்ன நிரலைக் கோ மொழியில் எழுதினேன். முதலில் நானே நிர்வகிக்கும் ஒரு வாடகை சர்வரில் ஓடியது, அப்புறம் கூகுளின் கிளவுட் ரன், அப்புறம் அமேசானின் லாம்டா. இந்த இரண்டும் சர்வரை நாம் பார்த்துக்கொள்ளாமலே நிரலை ஓட்டித் தரும் சேவைகள். இடம் மாறும்போதெல்லாம் நிரலுக்குள் 'இங்கே ஓடினால் இப்படிச் செய்' என்று ஒரு நிபந்தனை கூடியது. மூன்றாவது இடத்துக்குப் போனபோது எந்த வரி எந்த இடத்துக்கானது என்றே பிடிபடவில்லை. எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடி கட்டினேன். இப்போது ஒரே டாக்கர் இமேஜ் (நிரலையும் அது ஓடத் தேவையானதையும் சேர்த்துக் கட்டிய பொதி) மூன்று இடத்திலும் ஓடுகிறது. டாக்கர்ஃபைல் ஒன்றாவது எழுதிப் பார்த்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: சாதாரண வெப் சர்வராக எழுதுங்கள்

லாம்டாவுக்கென்று தனி ஹேண்ட்லர் (அது நேரடியாகக் கூப்பிடும் செயற்கூறு) வேண்டாம். தான் எங்கே ஓடுகிறோம் என்பது நிரலுக்குத் தெரியவே கூடாது. டேட்டாபேஸ் முகவரி, ரகசியச் சாவி எல்லாம் சூழல் மாறிகளிலிருந்து வரட்டும். போர்ட் எண்ணும் அப்படித்தான்: 'போர்ட்' என்ற மாறி (ஆங்கிலப் பெரிய எழுத்துகளில்) இருந்தால் அதில் உள்ள எண், இல்லாவிட்டால் 8080. கிளவுட் ரன் அந்த மாறியில்தான் எண்ணைத் தருகிறது.

படி 2: எந்த முகவரியில் காத்திருக்கிறது என்று பாருங்கள்

எனக்கு இரண்டு நாள் போனது இங்கேதான். நிரல் 127.0.0.1 முகவரியில் 8080 போர்ட்டைத் திறந்து காத்திருந்தது. மடிக்கணினியில் ஓடியது. லாம்டாவிலும் ஓடியது. கிளவுட் ரன்னில் மட்டும் கன்டெய்னர் எழவில்லை, குறித்த போர்ட்டில் யாரும் காத்திருக்கவில்லை என்று பிழை. லாகைத் திறந்தால் '8080இல் தயார்' என்று என் நிரல் அச்சிட்ட வரி அப்படியே இருக்கிறது. போர்ட் எண்ணையே திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். தப்பு எண்ணில் இல்லை, முகவரியில்.

கன்டெய்னருக்குள் 127.0.0.1 என்றால் அந்தக் கன்டெய்னர் மட்டும்தான். வெளியிலிருந்து வரும் கோரிக்கை வேறொரு நெட்வொர்க் வாசல் வழியாக நுழைகிறது, அந்த வாசலில் நிரல் இல்லை. அப்படியானால் லாம்டாவில் எப்படி ஓடியது? அங்கே கோரிக்கையை வாங்கிக் கொடுக்கும் அடாப்டர் (படி 4) நிரலோடு அதே பெட்டிக்குள் இருக்கிறது. அதனால் 127.0.0.1 போதுமானதாக இருந்தது, என் தப்பும் தெரியாமல் போனது. 0.0.0.0 என்று மாற்றியதும் சரியானது. கோ மொழியில் முகவரியை விட்டுவிட்டு ':8080' என்று எழுதினாலும் அதே பலன். மடிக்கணினியில் நிரலை நேரடியாக ஓட்டிப் பார்த்து நிறுத்தாதீர்கள். டாக்கருக்குள் ஓட்டி, பிரவுசரில் திறந்து பாருங்கள். இந்தத் தப்பு அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

படி 3: டாக்கர்ஃபைல்

இரண்டு கட்டமாக எழுதுங்கள். முதல் கட்டத்தில் சிகோவை (கோ நிரலில் சி மொழி நூலகங்களை இணைக்கும் வசதி) அணைத்து கம்பைல் செய்யுங்கள். இரண்டாவதில் அந்த ஒற்றைக் கோப்பை மட்டும் எடுத்து வையுங்கள். அடிப்படை இமேஜாக நான் டிஸ்ட்ரோலெஸ்ஸின் (நிரல் ஓட வேண்டியதை மட்டும் வைத்திருக்கும் கூகுளின் இமேஜ்கள்) 'ஸ்டேட்டிக்' வகையைத்தான் எடுப்பேன். ஸ்கிராட்ச் என்ற காலி இமேஜ் இன்னும் சிறியது, ஆனால் அதில் ரூட் சான்றிதழ்கள் (மற்ற தளங்களின் சான்றிதழை நம்பலாமா என்று சரிபார்க்கத் தேவையானவை) இல்லை. நிரல் வெளியே ஒரு எச்டிடிபிஎஸ் முகவரியைக் கூப்பிட்டால் உடனே பிழைதான்.

தொடங்கும் கட்டளையைச் சதுர அடைப்புக்குறி வடிவிலேயே எழுதுங்கள். டிஸ்ட்ரோலெஸ்ஸில் ஷெல் கிடையாது. ஷெல் உள்ள இமேஜிலும், வெறும் வரியாக எழுதினால் நிறுத்தச் சொல்லும் சிக்டெர்ம் சிக்னல் ஷெல்லோடு நின்றுவிடலாம். டாக்கரும் கிளவுட் ரன்னும் அந்த சிக்னலை அனுப்பிவிட்டு 10 விநாடிதான் பொறுக்கும், அப்புறம் கொன்றுவிடும். கையிலிருக்கும் வேலையை முடித்து வெளியேற நிரலுக்கு இருப்பது அந்த 10 விநாடி.

படி 4: லாம்டாவுக்கு ஒரே ஒரு வரி

அமேசான் திறமூலமாக வெளியிட்டிருக்கும் லாம்டா வெப் அடாப்டரை டாக்கர்ஃபைலில் ஒரு 'காப்பி' வரியால் '/ஆப்ட்/எக்ஸ்டென்ஷன்ஸ்' ஃபோல்டருக்குள் போடுங்கள். லாம்டா அந்த ஃபோல்டரில் இருப்பதைத் தானே தொடங்கும். லாம்டாவின் நிகழ்வை (அங்கே கோரிக்கை வரும் வடிவம்) அடாப்டர் சாதாரண எச்டிடிபி கோரிக்கையாக மாற்றி 8080க்கு அனுப்பும். மற்ற இரண்டு இடங்களிலும் அது சும்மா கிடக்கும் ஒரு கோப்பு, யாரும் அதைத் தொடுவதில்லை. நிரலுக்குள் நூலகமாகச் சேர்க்கும் வழிகளும் உண்டு. எனக்கு இதுதான் பிடிக்கும், ஏனென்றால் நிரலில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

சொந்த சர்வரில் அதே இமேஜை டாக்கரில் ஓட்டி, முன்னால் கேடி என்ற வெப் சர்வரை வைத்திருக்கிறேன். சான்றிதழை அதுவே வாங்கிப் புதுப்பித்துக்கொள்கிறது.

படி 5: எழுதும் இடம்

லாம்டாவில் '/டெம்ப்' தவிர வேறெங்கும் எழுத முடியாது, அதுவும் மாற்றாவிட்டால் 512 எம்பிதான். கிளவுட் ரன்னில் எழுதலாம், ஆனால் எழுதுவது நினைவகத்திலிருந்து கழியும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம்: டாக்கரை 'ரீட்-ஒன்லி' கொடியோடு (கட்டளையில் சேர்க்கும் ஃபிளாக்) ஓட்டி, '/டெம்ப்'பை மட்டும் 'டெம்ப்எஃப்எஸ்' (நினைவகத்தில் இருக்கும் தற்காலிக இடம்) ஆகக் கொடுங்கள். என் நிரல் ஒரு கேஷ் கோப்பைத் தன் ஃபோல்டரிலேயே எழுதிக்கொண்டிருந்தது இப்படித்தான் தெரிந்தது.

பதில் அனுப்பிய பிறகு பின்னணியில் வேலை பார்ப்பதையும் விட்டுவிடுங்கள். பதில் போனதும் லாம்டா நிரலை அப்படியே உறைய வைக்கும்.

பின்சேர்க்கை: 'எக்ஸெக் ஃபார்மேட் எரர்' வருகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். இருவரிடமும் ஆப்பிளின் எம் வரிசைக் கணினி. அதில் கட்டும் இமேஜ் ஆர்ம் வகைச் செயலிக்கானது, கிளவுட் ரன்னுக்கு வேண்டியது ஏஎம்டி64 வகை. கட்டும்போது 'பிளாட்ஃபார்ம்' கொடியில் லினக்ஸ், ஏஎம்டி64 என்று கொடுங்கள், லாம்டாவிலும் எக்ஸ்86 வகையையே (அங்கே ஏஎம்டி64க்கு அந்தப் பெயர்) தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று: லாம்டா மட்டும் 'இமேஜ் மேனிஃபெஸ்ட் வகை ஏற்கப்படவில்லை' என்று சொன்னால், டாக்கரின் இமேஜ் கட்டும் கருவியான பில்ட்எக்ஸ் தானாகச் சேர்க்கும் 'புரோவெனன்ஸ்' தகவல்தான் (இமேஜ் எப்படிக் கட்டப்பட்டது என்ற குறிப்பு) காரணமாக இருக்கும். கட்டும்போது 'புரோவெனன்ஸ்' கொடியை 'ஃபால்ஸ்' என்று வைத்து மறுபடி கட்டி ஏற்றுங்கள்.