ஜெட்பேக் கேசட்டை ஸ்பெக்ட்ரமில் ஏற்றுவது எப்படி

குளச்சல் பக்கம் வளைகுடாவிலிருந்து வந்த பெட்டிகளில் இன்னும் ஒன்றிரண்டு இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கிடக்கும். டிவியில் மாட்டி, கேசட்டிலிருந்து விளையாட்டை ஏற்றும் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர் அது. எங்கள் வீட்டில் இருப்பது பெரியப்பா கொண்டுவந்தது. கூடவே ஜெட்பேக் என்ற விளையாட்டின் கேசட்டும் வந்தது. இங்கிலாந்தில் ஆஷ்பி-டி-லா-சூச் என்ற சின்ன ஊரில் ஸ்டாம்பர் சகோதரர்கள் நடத்திய அல்டிமேட் ப்ளே த கேம் என்ற நிறுவனம் 1983-இல் வெளியிட்டது. பின்னாளில் ரேர் என்ற விளையாட்டு நிறுவனமாகப் பெயரெடுத்தவர்களும் இவர்கள்தான். 16 கேபி நினைவகம் உள்ள மெஷினிலேயே ஓடும் விளையாட்டு, சீக்கிரம் ஏறிவிடும். பழகிக்கொள்ள இதைவிட நல்ல கேசட் இல்லை.

முதலில் அடாப்டர். 9 வோல்ட் டிசி, நடுமுனை நெகட்டிவ். கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் நடுவில் பாசிட்டிவ்தான் இருக்கும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் செருகினால் மெஷின் காலி. டிவியை யுஎச்எஃப் 36-ஆம் சேனலில் வைத்துப் பிடியுங்கள். டிவியில் சத்தம் வராது, பயப்பட வேண்டாம். ஸ்பீக்கர் மெஷினுக்குள்ளேயே இருக்கிறது.

இனி கேசட். நம்ம மாவட்டத்தில் வருசத்துக்கு இரண்டு மழை, போதாததற்கு உப்புக்காற்று. நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி தெரிந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது. அப்படியே போட்டால் டேப் ரிக்கார்டரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டிலும் ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். பஞ்சு உதிராத துணியால் நாடாவை மெல்லத் துடைத்து, ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டுங்கள். ஹெட்டுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு போதும்.

டேப் ரிக்கார்டர் பழைய மோனோவாக இருந்தால் உத்தமம். ரிக்கார்டரையும் மெஷினையும் இணைக்கும் இயர் வயரை மட்டும் மாட்டுங்கள், மைக் வயர் வேண்டாம். வால்யூம் முக்கால், ட்ரெபிள் முழுசாக.

ஜே விசையைத் தட்டினால் லோடு என்று முழுச்சொல்லும் வரும். அப்புறம் சிம்பல் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு பி (P) இரண்டு தடவை, பிறகு என்டர். பிளே அழுத்துங்கள். திரை ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமும் தடித்த பட்டைகளாக ஓடும், ஒரே சீரான ஊளைச் சத்தம் கேட்கும். அது தொடக்க ஒலி. அடுத்து மஞ்சளும் நீலமும் மெல்லிசாகப் பறந்தால் விவரம் ஏறுகிறது.

நடுவில் 'ஆர் டேப் லோடிங் எரர்' வந்தால் கேசட்டைத் தூக்கி எறியாதீர்கள். பெரும்பாலும் குற்றம் ஹெட்டின் கோணத்தில்தான். பிளே அழுத்தியதும் ஹெட்டின் ஒரு பக்கம் ஸ்பிரிங் போட்ட குட்டித் திருகு தெரியும். இயர் வயரைக் கழற்றிவிட்டு, விவரப் பகுதியை ஓடவிட்டு, அந்தத் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். சத்தம் மந்தமாகி, பிறகு காது கூசுகிற அளவுக்குக் கூர்மையாகும். அங்கே நிறுத்துங்கள். இந்த வேலைக்குக் காதுதான் கருவி.

ஏறிவிட்டதா, சரி. ராக்கெட்டின் துண்டுகளை அடுக்கி, எரிபொருள் நிரப்பி, எதிரிகளைச் சுட்டுக்கொண்டே ஏறிப் பறக்க வேண்டும். கீழ்வரிசை விசைகள் இடம் வலம், அதற்கு மேல்வரிசை சுட, அதற்கும் மேலே பறக்க.

ஓடுகிற கேசட்டை அன்றைக்கே கம்ப்யூட்டரில் மோனோ வேவ் கோப்பாகப் பதிந்து வையுங்கள். எம்பி3 வேண்டாம், நுணுக்கமான ஒலியைக் கெடுத்துவிடும்.