எடை குறைப்பு ஆபரேஷன் செய்தவர் ஊருக்கு வரும்போது

ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது), பைபாஸ் (இரைப்பையைச் சின்னதாக்கி, நேராகக் குடலோடு இணைப்பது) என்று ஆபரேஷன் செய்து எடை குறைத்த பலர், குமரி மாவட்டத்தில் உள்ள நம்ம ஊருக்கு லீவில் வரும்போது அதை வெளியே சொல்வதில்லை. கேட்டால், டயட்டில் இருந்தேன் என்று முடித்துவிடுவார்கள். ஊர் வாய்க்குப் பயப்படுவது புரிகிறது. ஆனாலும் தங்குகிற வீட்டில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்தே ஆகவேண்டும். என்ன ஆபரேஷன், எந்த வருடம், என்னென்ன மாத்திரை என்று ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பயண அலுப்பில் முதுகு வலிக்கிறது என்றால், சித்தப்பா உடனே மெடிக்கலுக்கு ஆள் அனுப்புவார். வருவது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் அல்லது ஐபுப்ரோஃபென். பைபாஸ் செய்தவர்களுக்கு இவை குடல் இணைப்பில் புண்ணை உண்டாக்கலாம். பாராசிட்டமால் போதும்.

அடுத்தது வாந்தி. தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் நாள்கணக்கில் வாந்தி நிற்கவில்லை என்றால் உடம்பில் தயாமின், அதாவது பி1 சத்து, தீர்ந்துபோகும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் டிரிப் ஏற்றினால் மூளை நரம்பே பாதிக்கப்படலாம். ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியோ, மார்த்தாண்டத்தில் ஒரு சின்ன கிளினிக்கோ, டாக்டரிடம் முதலில் ஆபரேஷனைச் சொல்லுங்கள்; குளுக்கோஸுக்கு முன்னால் தயாமின் போடவேண்டுமா என்று கேளுங்கள். மயக்கத்தில் கிடப்பவரால் இதைச் சொல்ல முடியாது. வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது இதற்குத்தான்.

பைபாஸ் செய்து பல வருடம் ஆன பிறகும் குடல் உள்ளுக்குள் சிக்கிக்கொள்ளலாம். தாங்கமுடியாத வயிற்றுவலி வந்தால் வாயு என்று ஓமத்தண்ணி குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள்.

சாப்பாட்டில் நம்ம ஊர் உங்களுக்கு அனுகூலம்தான். சாளை, நெத்திலி, அயிலை எல்லாமே நல்ல புரதம். நாளைக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும் என்பார்கள். மரச்சீனியும் மீன்குழம்பும் வந்தால் மீனை முதலில் முடியுங்கள். கிழங்கு இரண்டு வாய் போதும். முள் பார்த்து, நன்றாக மென்று, மெதுவாக. சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். வெயிலில் அலைகிறவர்கள் பாட்டிலைக் கையிலேயே வைத்து மடக்கு மடக்காகக் குடிக்கவேண்டும். ஒரே மூச்சில் குடிக்க இந்த வயிற்றில் இடமில்லை.

கல்யாண வீட்டில்தான் கஷ்டம். அடைப்பிரதமன் பாயசத்தை இலையில் ஊற்றி, பழம் பிசைந்து, பப்படம் நொறுக்கி, "என்ன மக்களே, இவ்வளவுதானா?" என்று பெரியம்மை பக்கத்திலேயே நிற்பார். அந்த இனிப்பு சட்டென்று சிறுகுடலில் இறங்கினால் கொஞ்ச நேரத்தில் வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு. ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து சர்க்கரை இறங்கித் தலைசுற்றவும் செய்யலாம். பதநீரும் அப்படியே. "டாக்டர் இனிப்பு கூடாதுன்னு சொல்லியிருக்கார் பெரியம்மே" என்றால் யாரும் வற்புறுத்தமாட்டார்கள்.

புதிதாகக் கல்யாணம் ஆனவர்களிடம் "விசேஷம் உண்டா?" என்று கேட்காமல் விடமாட்டார்கள். ஆபரேஷன் முடிந்து 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வது வழக்கம். யார் கேட்டாலும் அவசரப்படாதீர்கள்.

சத்து மாத்திரையை லீவில் நிறுத்தாதீர்கள், அது ஆயுசுக்கும் உள்ளது. இரும்புச்சத்தும் கால்சியமும் சேர்த்து விழுங்கக்கூடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பி12 ஊசி போடுகிறவர்கள், ஊரில் இருக்கும்போது அடுத்த ஊசி நாள் வருகிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். வந்தால் அதற்கான சீட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.