காய்ந்த கார்த்திகைப்பூச் சாடியைக் கொட்டாதீர்கள், சரித்து வையுங்கள்

பூத்து முடிந்து கார்த்திகைப்பூக் கொடி மஞ்சளாகிக் காய்ந்ததும் தண்ணீரை நிறுத்திவிட்டு, சாடியை அப்படியே தாவாரத்தின் கீழ் பக்கவாட்டில் சரித்து வையுங்கள். கிழங்கைத் தோண்ட வேண்டாம். மாரி மழை தொடங்கும்போது நிமிர்த்தி ஈரத்தில் வைத்தால் தானாக முளைக்கும். ஆண்டுதோறும் புதுக்கிழங்கு வாங்கும் காசு மிச்சம்.

கொடி செத்ததாக நினைத்துப் பலர் எறிந்துவிடுகிறார்கள், பார்க்கவே மனம் பொறுக்கவில்லை. அது உறக்கம்தான். பழைய கிழங்கு சுருங்கிப்போக, அதன் இடத்தில் புதுக்கிழங்கு வந்திருக்கும். அதன் முளை நுனியில் மட்டுமே இருப்பதால் தோண்டும்போது நுனி உடைந்தால் அந்தக் கிழங்கு பெரும்பாலும் முளைக்காது. இலை இல்லாத காலத்தில் வேர் நீரை இழுக்காது, ஊற்றுகிற தண்ணீர் கிழங்கை அழுகத்தான் வைக்கும். சாடி சரிந்திருந்தால் இடையில் பெய்கிற மழையும் உள்ளே தேங்காது. கொடி பச்சையாக இருக்கும்போது மட்டும் வெட்டாதீர்கள். அடுத்த ஆண்டுப் பூவுக்கான சத்து அந்த இலைகளில் இருந்துதான் கிழங்குக்கு இறங்குகிறது.

மட்டக்களப்புக் கரையோர மணலில் நிலத்திலேயே நிற்கும் கொடிக்கு இது தேவையில்லை, கச்சான் காற்று வீசும் வறண்ட காலம் முழுக்க அது தன்பாட்டில் கிடக்கும். சாடியில் கிழங்குகள் நெருங்கிவிட்டாலும் சரித்து வைத்தால் போதாது, உறக்கக் காலத்திலேயே மண்ணோடு கவிழ்த்துக் கவனமாகப் பிரித்து நட வேண்டும். கையுறை கட்டாயம். கிழங்கில் கொல்கிசின் என்ற கொடிய நஞ்சு உண்டு. குழந்தைகளும் ஆடுகளும் எட்டாத இடத்தில் வையுங்கள்.