ஹாலிடே வேறு, லீவ் வேறு: சம்பளத்தில் கைவைக்கும் குழப்பங்கள்

"நாளைக்கு லீவு" என்று சொன்னால் அது பொது விடுமுறையா, எழுதிக் கொடுத்து எடுத்ததா, எம்.சி.யா (மருத்துவச் சான்று காட்டி எடுக்கும் நோய் விடுப்பு), வார ஓய்வா என்று கேட்டால்தான் தெரியும். வீட்டில் அது போதும். சம்பளச் சீட்டில் ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு.

ஹாலிடே என்பது 'ஹோலி'யும் 'டே'யும் ஒட்டிய சொல்: புனித நாள். திருநாள் வந்தால் வேலை நிற்கும். ஆளாளுக்கு அனுமதி கேட்பதில்லை. லீவ் அப்படியல்ல. 'விட்டுப் போ' என்ற வினையிலிருந்து அது வந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். எழுத்து ஒன்றுதான், வேர் வேறு. இந்த லீவ், அனுமதி என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல். ஓய்வுப் பொழுதைச் சொல்லும் 'லெஷர்'கூட 'அனுமதி உண்டு' என்ற லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததே. லைசன்ஸுக்கும் அதே வேர்தான்.

இனி மலேசிய நடைமுறைக்கு வருவோம். தைப்பூசம் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் பொது விடுமுறை, அதனால் எல்லா முதலாளியும் தந்தே ஆகவேண்டும் என்று நம்புவதுதான் பெரிய தவறு. 1955 வேலைச் சட்டப்படி ஆண்டுக்கு 11 நாள் சம்பளத்துடன் பொது விடுமுறை. அதில் ஐந்து மட்டுமே மாற்ற முடியாதவை: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம், பினாங்கில் ஆளுநர் பிறந்தநாள் (கோலாலம்பூரில் கூட்டரசுப் பிரதேச தினம்). மீதி ஆறை நிறுவனம் தேர்ந்தெடுத்து, ஆண்டு பிறக்கும் முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். தீபாவளியும் தைப்பூசமும் அந்தத் தாளில் இருக்கின்றனவா என்று டிசம்பரிலேயே பாருங்கள்.

அடுத்த குழப்பம் சனிக்கிழமை. வாரம் ஐந்து நாள் வேலை என்றால் ஒரு நாள்தான் சட்டப்படி ரெஸ்ட் டே, அதாவது வார ஓய்வு நாள், பெரும்பாலும் ஞாயிறு. சனி வெறும் ஆஃப் டே, அதாவது வேலை இல்லாத நாள் மட்டும். பொது விடுமுறை ரெஸ்ட் டேயில் விழுந்தால் அடுத்த வேலை நாள் விடுமுறையாகும். ஆஃப் டேயில் விழுந்தால் ஈடு தரச் சட்டம் வற்புறுத்தவில்லை. எது எந்த நாள் என்று வேலை ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும், வாய்ச்சொல் உதவாது.

பணத்தில் பார்த்தால் வித்தியாசம் உறைக்கும். மாதச் சம்பளம் 2,600 ரிங்கிட் என்றால் அதை 26ஆல் வகுக்க, ஒரு நாள் கூலி 100. ரெஸ்ட் டேயில் முழு நாள் வேலை செய்தால் சம்பளத்துக்கு மேல் 100 ரிங்கிட். பாதி நாளோ அதற்குக் குறைவோ என்றால் 50. பொது விடுமுறையில் வேலை செய்தால் சம்பளத்துக்கு மேல் 200. எட்டு மணி நேர வேலைக்கு மேல் போனால் ரெஸ்ட் டேயில் மணிக்கு 25, பொது விடுமுறையில் 37.50. மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குபவருக்கு இந்த வீதங்கள் சட்டப்படி கட்டாயமில்லை, ஒப்பந்தம் சொல்வதுதான்.

தீபாவளிக்கு மறுநாள் சொல்லாமல் நிற்பவர்களும் உண்டு. விடுமுறைக்கு முந்தைய அல்லது அடுத்த வேலை நாளில் முன் அனுமதியோ தகுந்த காரணமோ இல்லாமல் வராவிட்டால், அந்த விடுமுறை நாளின் சம்பளமும் போகும்.

ஆண்டு லீவ் வேலைக்காலத்தைப் பொறுத்தது: இரண்டு ஆண்டுக்குள் 8 நாள், ஐந்து ஆண்டுக்குள் 12, அதற்கு மேல் 16. லீவில் இருக்கும்போது காய்ச்சல் வந்து எம்.சி. கிடைத்தால் "லீவ் போனது போனதுதான்" என்று விட்டுவிடாதீர்கள். 48 மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்குச் சொல்லி எம்.சி.யைக் கொடுத்தால், அந்த நாட்கள் நோய் விடுப்பில் சேரும். ஆண்டு லீவ் கணக்குக்குத் திரும்பிவிடும்.