கிரட்ச் வைத்து நடப்பது எப்படி: ஆறு வாரம் கட்டையோடு திரிந்தவன் சொல்வது

போன அக்டோபர் மழையில் வேளச்சேரியில் வண்டி சறுக்கி, வலது கணுக்கால் எலும்பில் விரிசல். மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் காலைக் கீழே ஊனவே கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். அக்குளில் இடுக்கி நடக்கிற கிரட்ச் கட்டையை எப்படிப் பிடிப்பது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. நீங்களும் அப்படி வீட்டுக்கு வந்தவர் என்றால் இது உங்களுக்கு. காலில் எடை போடலாமா, எவ்வளவு போடலாம் என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் எழுதுவது துளியும் போடக்கூடாதவர்களுக்கு.

முதலில் உயரம். நான் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தேன், வாடகைக்குக் கொடுத்த கடைப் பையன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பட்டனை அழுத்தி ஏதோ ஒரு ஓட்டையில் மாட்டிக் கொடுத்தான். முதல் கோணல் அங்கேயே. நின்றுகொண்டு, வெளியே போட்டுப் போகும் செருப்போடு அளக்க வேண்டும். மேல் பஞ்சுக்கும் அக்குளுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். கையைத் தளரத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ அங்கே கைப்பிடி. பிடித்து நிற்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருந்தால் சரி.

அடுத்தது எடை. நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். அக்குளில் பஞ்சு வைத்திருக்கிறார்களே, அதில் சாய்ந்து தொங்கத்தான் போல என்று நினைத்து மூன்று நாள் ஹாலுக்கும் பாத்ரூமுக்கும் தொங்கிக்கொண்டே போய்வந்தேன். நாலாம் நாள் காலையில் பிரஷ்ஷில் பேஸ்ட் வைக்கப் போனால் விரல்கள் மரத்துக் கிடக்கின்றன, மணிக்கட்டு நிமிரமாட்டேன் என்கிறது. அடிபட்டது காலில், கை ஏன் போகிறது என்று பயந்துபோய் பிசியோவைக் கூப்பிட்டேன். கைக்குப் போகிற நரம்புகள் எல்லாம் அக்குள் வழியாகத்தான் போகின்றனவாம். மொத்த உடம்பையும் அதன்மேல் தொங்கவிட்டால் நசுங்கும், அதிலும் மணிக்கட்டைத் தூக்குகிற ரேடியல் நரம்பு முதலில் மாட்டும். “சார், கட்டை என்ன பல்லக்கா, ஏறி உக்கார்றதுக்கு?” என்று கேட்டார் அவர்.

எடை முழுக்க உள்ளங்கையில். பேப்பரைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்குவோமே, அந்த மாதிரி கட்டையின் மேல்பக்கத்தை விலாவோடு இடுக்கிக்கொண்டால் போதும். சொல்ல எளிது, களைத்துப்போனால் உடம்பு தானாகத் தொங்க ஆரம்பிக்கும். என் மனைவி பஞ்சுக்கும் அக்குளுக்கும் நடுவே ஒரு விரலை விட்டுக்கொண்டு கூடவே நடந்தாள், விரல் நசுங்கும்போதெல்லாம் கத்தினாள். இரண்டே நாளில் பழக்கம் திருந்தியது. மரத்த கை சரியாகப் பத்து நாள் ஆனது. உங்களுக்கும் மரத்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். உள்ளங்கை எப்படியும் வலிக்கும். கைப்பிடியில் பழைய காட்டன் துண்டைச் சுற்றுங்கள்.

நடப்பது பெரிய வித்தை இல்லை. கட்டை இரண்டையும் ஓரடி முன்னால், பாதத்திலிருந்து அரை அடி வெளியே தள்ளி ஊன்றி, கையை அழுத்தி நல்ல காலைக் கொண்டுவந்து வைக்கிறீர்கள். தரையைப் பார்க்காதீர்கள், எதிரே பாருங்கள்.

உட்காரும்போது, நாற்காலி காலின் பின்பக்கம் இடிக்கும்வரை பின்னாலேயே போய், கட்டை இரண்டையும் ஒரு கைக்கு மாற்றி, மறுகையால் நாற்காலியைப் பிடித்து இறங்குங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம், வழுக்கிக்கொண்டு ஓடும். ஆட்டோவிலும் இப்படித்தான், முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டு அப்புறம் காலை இழுத்துக்கொள்வது.

மாடிப்படி. எங்கள் நங்கநல்லூர் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு கையில் கைப்பிடிச் சுவர், மறுகையில் கட்டை. ஏறும்போது நல்ல கால் முதலில், அதன்பின் கட்டுப்போட்ட காலும் கட்டையும். இறங்கும்போது தலைகீழ்: கட்டையும் கட்டுப்போட்ட காலும் முதலில், நல்ல கால் கடைசியில். இதில் ஒரு கூத்து. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, நிலைப்படியில் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்று “வலது காலை எடுத்து வச்சு வாப்பா” என்கிறாள். என் வலது கால்தான் மாவுக்கட்டில் இருக்கிறது. இடது காலை வைத்துத்தான் உள்ளே போனேன், அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தைரியம் வராத நாளில் படியில் உட்கார்ந்து பின்பக்கமாகவே நகர்ந்து ஏறுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

சாமான் விஷயத்தில் என் கட்சி: மரக்கட்டையைவிட அலுமினியம். அடியில் இருக்கும் ரப்பர் புஷ் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் அன்றே மாற்றுங்கள், வாடகைக் கட்டை என்றால் வாங்கும்போதே திருப்பிப் பாருங்கள். ஹவாய் செருப்பைத் தூக்கி ஓரமாக வையுங்கள், பின்வார் உள்ள சாண்டல்தான். குறுக்கே மாட்டும் ஒரு துணிப்பையும் வேண்டும், ஏனென்றால் அடுக்களையிலிருந்து ஹாலுக்கு ஒரு டம்ளர் காபிகூட உங்களால் எடுத்துவர முடியாது. நான் சின்ன ஃபிளாஸ்க்கில் ஊற்றிப் பையில் போட்டுக்கொண்டு வருவேன்.

பிற்சேர்க்கை: இதைப் படித்தவர்கள் சொன்னதில் நான் விட்டவை. காலையில் வாசல் தெளித்த ஈரத்தில் கட்டையை ஊன்றி ஒருவர் சறுக்கியிருக்கிறார். கோலம் காய்ந்த பிறகு இறங்குங்கள், ஈரத்தில் நடந்து உள்ளே வந்தால் டைல்ஸில் கால் வைக்கும் முன் புஷ்ஷைத் துடையுங்கள். இன்னொருவருக்கு லுங்கி நுனி கட்டைக்கு அடியில் மாட்டியிருக்கிறது. அரைக்கால் சட்டைக்கு மாறிவிடுங்கள்.

இன்னொரு பிற்சேர்க்கை: “பத்து கிலோ வரை எடை போடலாம்” என்று டாக்டர் சொல்லிவிட்டார், பத்து கிலோவை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருந்தார்கள். எடை பார்க்கும் மெஷினில் அடிபட்ட காலை மட்டும் வைத்து, முள் பத்தில் நிற்கும்வரை அழுத்திப் பாருங்கள், நாலைந்து தடவையில் காலுக்கே பிடிபட்டுவிடும். ஒற்றைக் கட்டைக்கு மாறச் சொன்னால் அதை அடிபடாத பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். எல்லோரும் தப்பாக அடிபட்ட பக்கத்தில்தான் பிடிக்கிறார்கள், நானும்தான்.

பீச்சுக்குப் போகலாமா என்று ஒருவர். மணல் நமக்கு ஆகாது. ஐந்தாவது வாரம் மெரினாவில் ஆசைக்கு ஒரு தடவை ஊன்றிப் பார்த்தேன், ஒரு சாண் ஆழம் இறங்கிவிட்டது, சுண்டல் விற்கிற பையன் வந்துதான் பிடுங்கிக் கொடுத்தான்.